நடுவில் ஒரு ஆள் நிற்கிறார்

(எங்கள் வாசிப்பு வட்டத்தின் கடந்த சந்திப்பில் பேசியது. ஒலிப்பதிவிலிருந்து எழுதி, கொஞ்சம் சீர்செய்திருக்கிறேன். பேச்சுத்தமிழ் வந்த இடங்களை அப்படியே விட்டிருக்கிறேன்.)



என்னை இன்றைக்குப் பேசச் சொன்னதற்கு ஒரு காரணம் இருக்கிறது. போன மாதம் எங்கட நிலையத்து வைஃபை பற்றி ஒரு வாக்குவாதம் வந்தது உங்களில் சில பேருக்குத் தெரியும். சனிக்கிழமைகளில் வீட்டுப்பாட உதவிக்கு வரும் பிள்ளைகள் அந்த வைஃபையில் சூதாட்டத் தளங்களுக்குப் போகிறார்கள் என்று ஒரு அம்மா முறையிட்டார். நியாயமான முறைப்பாடு. அப்போது எங்கள் இளம் தோழர் ஒருவர், கெட்டிக்காரர், சொன்னார்: "அண்ணா, ஒரு புரொக்சி போடுவம். ஒருத்தரும் போனில ஒண்டும் மாத்தத் தேவையில்லை. பிள்ளையளுக்கும் தெரியாது, அங்கால இருக்கிற சேர்வருக்கும் தெரியாது. முழுக்க டிரான்ஸ்பரன்ட்."

நான் உடனே "வேண்டாம்" என்றேன். ஏன் என்று கேட்டார். ஒழுங்காகப் பதில் சொல்ல வரவில்லை, கொஞ்சம் சத்தமாகவும் கதைத்துவிட்டேன். அந்தப் பதிலைத்தான் இன்றைக்குச் சொல்லப்போகிறேன். கொஞ்சம் தொழில்நுட்பம் வரும். பொறுத்துக்கொள்ளுங்கோ.

முதலில் அந்தச் சொல். நாங்கள் கூட்டங்களில் வெளிப்படைத்தன்மை வேண்டும் என்று கேட்கிறோம். கணக்கைக் காட்டு, முடிவை யார் எடுத்தது என்று சொல்லு என்கிறோம். ஆங்கிலத்தில் அதற்கு டிரான்ஸ்பரன்ஸி என்று பெயர். வலையமைப்பு வேலை செய்கிறவர்கள் அதே சொல்லைச் சொன்னால் அர்த்தம் தலைகீழ்: ஆள் நிற்கிறார், ஆனால் நிற்பது தெரியாது. துடைத்து வைத்த கண்ணாடிக் கதவில் மூக்கை இடித்துக்கொண்டவர்களுக்கு இது விளங்கும். ஆங்கிலத்தில் இரண்டு அர்த்தத்தையும் ஒரே சொல்லுக்குள் வைத்துச் சமாளிக்கலாம். தமிழில் எழுத வெளிக்கிட்டால் தப்ப முடியாது. 'வெளிப்படையான புரொக்சி' என்று எழுதினால் பொய். 'மறைவான புரொக்சி' என்று எழுதினால்தான் உண்மை.

இங்கே பிறந்தவர்களுக்காக ஒரு பழைய கதை. தொண்ணூறுகளில், வீட்டில் தொலைபேசி இல்லாத காலத்தில், வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்புக்காக எங்கட சனம் கொமினிகேசன் கடைகளில் காத்திருக்கும். கடைக்காரர் எடுப்பார், "இரண்டாம் பெட்டிக்குப் போங்கோ" என்பார், நிமிடக் கணக்குப் பார்ப்பார். எந்த வீட்டுக்கு எவ்வளவு காசு வருகிறது, யாருக்குக் கலியாணம் பேசுகிறார்கள் என்று எல்லாம் அவர் காதில் விழும். ஆனால் அவர் அங்கே இருக்கிறார் என்பது இரண்டு பக்கத்துக்கும் தெரியும். அதனால் என் அம்மா சில விசயங்களை அங்கே பேசவே மாட்டா. "அதைக் கடிதத்தில எழுதுறன்" என்று மற்றக் கதைக்குப் போய்விடுவா.

இப்போது அந்தக் கடைக்காரர் அம்மாவின் குரலில் அப்பாவோடும், அப்பாவின் குரலில் அம்மாவோடும் பேசுகிறார் என்று வையுங்கள். இருவருக்கும் நேரடியாகக் கதைக்கிற எண்ணம். கடைக்காரர் ஒரு சொல்லையும் மாற்றவில்லை, கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்கிறார் என்றே வைப்போம். அப்படியென்றாலும் ஒன்று போய்விட்டது. "கடிதத்தில எழுதுறன்" என்று அம்மா இனிச் சொல்லமாட்டா. சொல்ல வேண்டும் என்று அவவுக்குத் தெரியாது.

வலையமைப்பில் இதற்கு மூன்று படிகள் உண்டு. முதல் படியில், உங்கள் பிரவுசரில் நீங்களே புரொக்சியின் முகவரியை எழுதுகிறீர்கள். கொமினிகேசன் கடை மாதிரி. இரண்டாம் படியில் நீங்கள் ஒன்றும் செய்வதில்லை. வழியில் இருக்கும் ரவுட்டர் உங்கள் பொதிகளைப் பிடித்துப் புரொக்சியிடம் தள்ளுகிறது. நீங்கள் தேடிப்போன தளத்தின் முகவரியைப் போட்டுக்கொண்டு புரொக்சி உங்களுக்குப் பதில் சொல்கிறது. ஆனால் தளத்திடம் போகும்போது தன் சொந்த ஐபி முகவரியோடு போகிறது. உங்களுக்குத் தெரியாது, சேர்வர் கவனித்துப் பார்த்தால் தெரியும். மூன்றாம் படியில், தளத்திடம் போகும்போதும் உங்கள் ஐபி முகவரியையே போட்டுக்கொண்டு போகிறது. இப்போது இரண்டு பக்கத்துக்கும் தெரியாது. எங்கள் தோழர் கேட்டது இந்த மூன்றாவதை.

இரண்டாம் படிக்கும் மூன்றாம் படிக்கும் இடையில் ஒரு சின்ன இடைவெளிதான். அந்த இடைவெளி எவ்வளவு பெறுமதியானது என்று காட்ட இரண்டு சம்பவங்கள் சொல்கிறேன்.

2005 யூலை, இங்கே கனடாவில். ரெலஸ் நிறுவனத்துக்கும் அதன் தொழிலாளர் சங்கத்துக்கும் தகராறு முற்றி, தொழிலாளர்கள் மறியலில் நிற்கிறார்கள். சங்கத்துக்கு ஆதரவான 'வாய்சஸ் ஃபோர் சேஞ்ச்' என்ற தளத்தை ரெலஸ் தன் இணைய வாடிக்கையாளர்களுக்குத் தடுத்தது. மறியலைத் தாண்டி வேலைக்குப் போனவர்களின் படங்கள் அதில் இருக்கின்றன, அவர்களுக்கு ஆபத்து என்பது நிறுவனத்தின் நியாயம். தகராறில் ஒரு தரப்பு. கம்பியும் அதே தரப்பின் கையில். ஆனால் வேலையை மொக்குத்தனமாகச் செய்தார்கள். சேர்வரின் ஐபி முகவரியையே மறித்தார்கள். அதே முகவரியில் குடியிருந்த வேறு 766 தளங்களும் சேர்ந்து இருண்டுபோயின. ஓப்பன்நெற் இனிஷியேற்றிவ் ஆய்வாளர்கள் அதை எண்ணிச் சொன்னார்கள். நாடு முழுக்கச் செய்தி ஆனது. கதவைச் சாத்தினால் சத்தம் கேட்கும்தானே. 2007 யூனில் இலங்கைக்குள் தமிழ்நெட் தடுக்கப்பட்டதும் அப்படித்தான். கொழும்பில் இருந்தவர்களுக்குப் பக்கம் திறக்கவில்லை, வெளிநாட்டில் இருந்தவர்களுக்குத் திறந்தது. இரண்டு பேர் தொலைபேசியில் கதைத்தால் போதும், விசயம் விளங்கிவிடும்.

பிரித்தானியாவில் இதைவிட நுணுக்கமான முறை ஒன்று இருந்தது. சிறுவர் பாலியல் படங்களைத் தடுப்பதற்காக இன்ரநெற் வோச் ஃபவுண்டேசன் என்ற அமைப்பு ஒரு பட்டியல் தயாரிக்கும். நோக்கத்தில் எனக்குச் சண்டையில்லை. இணைய நிறுவனங்கள் அந்தப் பட்டியலை எடுத்து, சந்தேகமான ஐபி முகவரிகளுக்குப் போகும் பொதிகளை மட்டும் ஒரு புரொக்சிக்குத் திருப்பும். புரொக்சி முழு முகவரியைப் பார்த்து, பட்டியலில் உள்ள பக்கத்தை மட்டும் மறைக்கும். மிச்சத்தை அனுப்பிவிடும். 766 தளங்கள் சாகாது. ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது.

2008 டிசம்பர் 5ஆம் திகதி விக்கிபீடியாவின் ஒரு பக்கம் அந்தப் பட்டியலில் ஏறியது. ஸ்கோர்ப்பியன்ஸ் என்ற ஜெர்மன் ரொக் குழு 1976இல் வெளியிட்ட இசைத்தட்டு ஒன்றின் பக்கம். அதன் அட்டைப்படம் உண்மையிலேயே அருவருப்பானது. அது வேறு விவாதம். நடந்தது என்னவென்றால், விக்கிபீடியாவின் ஐபி முகவரி 'சந்தேகமான' வரிசைக்கு வந்தவுடன், பிரித்தானியாவின் பல பெரிய நிறுவனங்களின் வாடிக்கையாளர்கள் விக்கிபீடியாவில் எதைப் பார்த்தாலும் அந்தப் புரொக்சிகள் வழியாகத்தான் போக வேண்டி வந்தது. தாவரங்கள் பற்றிப் படித்தாலும் அதே வழிதான். அந்தப் புரொக்சிகள் இரண்டாம் படி. சேர்வரிடம் தங்கள் சொந்த முகவரியோடு போயின. விக்கிபீடியா பக்கத்திலிருந்து பார்த்தால், ஒரு நாட்டின் பெரும்பகுதி திடீரென்று கைவிரல் விட்டு எண்ணக்கூடிய சில முகவரிகளுக்குள் அடங்கிவிட்டது. யாரோ ஒரு குழப்படிகாரர் பக்கத்தை நாசம் செய்தால் அவரின் முகவரியை மறிப்பார்கள். இப்போது அவரை மறித்தால் பல இலட்சம் பேரை மறித்தமாதிரி. கணக்கு இல்லாமல் தொகுப்பவர்கள் எல்லாரும் வெளியே. அப்படித்தான் வெளிச்சத்துக்கு வந்தது. பலருக்கு 'பக்கம் இல்லை' என்று 404 காட்டி ஏமாற்றிய விசயமும் சேர்ந்து வந்தது. நாலே நாளில், 9ஆம் திகதி, அந்தப் பக்கத்தைப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள்.

கவனியுங்கோ. அந்தத் தணிக்கையை உடனே அம்பலமாக்கியது ஒரு குறைபாடு. புரொக்சி ஒரு பக்கத்துக்கு மட்டும் மறைந்திருந்தது, மற்றப் பக்கத்துக்குத் தெரிந்தது. சேர்வர் பக்கத்தில் இருந்த தன்னார்வத் தொகுப்பாளர்கள் சாட்சிகள் ஆனார்கள்.

அதே 2008 டிசம்பர் இறுதியில் லினக்ஸ் கேர்னலின் 2.6.28 பதிப்பு வெளிவந்தது. அதில் ரிபுரொக்சி என்ற வசதி சேர்ந்தது. ஹங்கேரியின் பலாபிட் நிறுவனத்தில் வேலை செய்தவர்கள் பல வருடங்களாகத் தனி ஒட்டுப்போட்டு வளர்த்ததைக் கேர்னல் இப்போது உள்ளே எடுத்துக்கொண்டது. அதைக் கொண்டு ஒரு புரொக்சி தனக்குச் சொந்தமில்லாத ஐபி முகவரியில் பேசலாம். அதாவது மூன்றாம் படி, இலவசமாக, யாருடைய கணினியிலும். இரண்டுக்கும் தொடர்பு ஒன்றும் இல்லை, ஒரே மாதத்தில் வந்தது தற்செயல். ஆனால் நான் அதை நினைக்காத வருடம் இல்லை. அந்தப் பிரித்தானியப் புரொக்சிகள் மூன்றாம் படியில் இருந்திருந்தால் விக்கிபீடியாவுக்கு முகவரிகள் ஒழுங்காகவே தெரிந்திருக்கும். தொகுக்க முடியாமல் ஒருவரும் வெளியே நின்றிருக்கமாட்டார்கள். ஒரு பக்கம் மட்டும் சில பேருக்குத் திறக்காமல் இருந்திருக்கும்.

இதை எழுதியவர்களைக் குற்றம் சொல்ல நான் வரவில்லை. தேவை உண்மையான தேவைதான். நடுவில் ஒரு தீச்சுவரோ, சுமையைப் பங்கிடும் பெட்டியோ வைத்தால், பின்னால் உள்ள சேர்வருக்கு எல்லா வருகையாளரும் ஒரே முகவரியில் வருவதுபோலத் தெரியும். ஸ்பாமைப் பிடிக்க முடியாது. ஐபி முகவரியைப் பார்த்து உள்ளே விடும் பல்கலைக்கழக நூலகத் தளம் குழம்பிவிடும். இராத்திரி இரண்டு மணிக்கு இப்படியான சேர்வரோடு மாரடித்த எவரும் "இந்தப் புரொக்சி இல்லாதமாதிரி இருந்தால் எவ்வளவு நல்லம்" என்று நினைத்திருப்பார். நானும் நினைத்திருக்கிறேன்.

ஆனால் அதே தேவைக்கு வேறு பதிலும் இருக்கிறது: இல்லாதமாதிரி நடிக்காமல், "நான் புரொக்சி, என் பின்னால் நிற்பவரின் முகவரி இது" என்று சேர்வரிடம் சொல்லிவிடுவது. அதற்குத் தலைப்பு வரிகள் உண்டு. விக்கிமீடியாவே, உண்மை சொல்லும் என்று தான் நம்பும் புரொக்சிகளின் பட்டியல் ஒன்றை வைத்து, அவை சொல்லும் முகவரியை எடுத்துக்கொள்கிறது. கொஞ்சம் வேலை கூட. இரண்டு பக்கமும் ஒத்துழைக்க வேண்டும். அதைத்தான் எங்கட தொழிலில் 'தொல்லை' என்கிறோம்.

1999இல் வெளிவந்த ஆர்.எஃப்.சி 2616, அதாவது அப்போதைய வலையின் விதிப்புத்தகம், டிரான்ஸ்பரன்ட் புரொக்சி என்ற சொல்லுக்கு ஒரு வரைவிலக்கணம் கொடுத்தது. கேள்வியையும் பதிலையும் மாற்றாத புரொக்சி. அங்கீகாரத்துக்கும் தன்னை அடையாளம் காட்டுவதற்கும் தேவையான அளவு மட்டும் மாற்றலாம். அடையாளம் காட்டுவதற்கு! வழியில் நின்ற ஒவ்வொரு புரொக்சியும் 'வியா' என்ற வரியில் தன் பெயரை எழுத வேண்டும் என்றும் அதே புத்தகம் சொல்கிறது. அதாவது அந்தச் சொல்லின் முதல் அர்த்தம் 'நான் நிற்கிறேன், ஆனால் எதையும் தொடவில்லை' என்பது. சந்தையில் அது 'நான் நிற்பது தெரியாது' என்று மாறிவிட்டது. தொட்டேனா இல்லையா என்பது கேள்வியாகவே இல்லாமல் போய்விட்டது. 2001இல் இன்னொரு ஆவணம், ஆர்.எஃப்.சி 3040, இந்தக் குழப்பத்தைக் குறித்து, மறைந்து நிற்பதற்கு 'இடைமறிக்கும் புரொக்சி' என்று தனிப்பெயர் வைத்தது. நேர்மையான பெயர். விற்பனைத் தாள்களில் நான் அதை அதிகம் கண்டதில்லை.

இன்னொரு விசயம், அரசியல் படிக்கிறவர்களுக்கு. மூன்றாம் படியை யார் வேண்டுமென்றாலும் செய்யமுடியாது. புரொக்சி உங்கள் முகவரியோடு போனால், சேர்வரின் பதிலும் உங்கள் முகவரிக்குத்தான் திரும்பும். அந்தப் பதிலையும் வழியில் பிடித்தால்தான் நாடகம் நடக்கும். ஆகவே போகும் வழியும் வரும் வழியும் இரண்டுமே புரொக்சி வைத்திருப்பவரின் கையில் இருக்க வேண்டும். நாட்டின் வாசலை வைத்திருக்கும் அரசு, இணைய நிறுவனம், வேலைத்தலத்தின் முதலாளி, கட்டடத்தின் சொந்தக்காரர். உங்களால் முதலாளிக்கு இதைச் செய்யமுடியாது. 2011இல் சிரியாவில் சனம் வீதிக்கு இறங்கியபோது, அந்த நாட்டின் இணைய வாசலில் புளூ கோட் என்ற அமெரிக்க நிறுவனத்தின் புரொக்சிப் பெட்டிகள் இருந்தன. ரெலிகோமிக்ஸ் என்ற செயற்பாட்டாளர்கள் 54 கிகாபைற் பதிவுகளை எடுத்து வெளியிட்டார்கள். முதலில் மறுத்த நிறுவனம் பிறகு ஒப்புக்கொண்டது: ஈராக்குக்கு என்று துபாய் வழியாக அனுப்பியவை எப்படியோ சிரியாவுக்குப் போய்விட்டனவாம். 2013இல் அந்தத் துபாய் விநியோகஸ்தர் 28 இலட்சம் டொலர் தண்டப்பணம் கட்டினார்.

சிரியா பெரிய கதை. என் கதை சின்னது. ஆனால் அன்றைக்கு ஏன் சத்தமாகக் கதைத்தேன் என்பதற்குக் காரணம் அதுதான்.

2012இல் நான் வலையமைப்புப் பொருத்தும் ஒரு ஒப்பந்தக்காரரிடம் வேலை செய்தேன். ஒரு களஞ்சியத்தில் வேலை வந்தது. பெட்டி கட்டுகிற இடம். பெரும்பாலும் ஏஜென்சி மூலம் வரும் தற்காலிகத் தொழிலாளர்கள், பாதிக்கு மேல் பெண்கள், கணிசமானவர்கள் எங்கட ஆக்கள். சாப்பாட்டு அறையில் வைஃபை உண்டு. அந்த வைஃபையில் என்ன நடக்கிறது என்று அறிக்கை வேண்டும், ஆனால் ஒருவரும் தொந்தரவுபடக்கூடாது என்றார்கள். நான் ஒரு லினக்ஸ் பெட்டியில் ரிபுரொக்சி போட்டேன். இரண்டு நாள் மினக்கெட்டு, இரண்டு பக்கமும் சோதித்துப் பார்த்தேன். போனிலிருந்து பார்த்தால் ஒன்றும் இல்லை. வெளியே நான் வைத்த சோதனைச் சேர்வரில் பார்த்தாலும் ஒன்றும் இல்லை. பெருமையாக இருந்தது. உண்மையைச் சொல்லுறன், மிகவும் பெருமையாக இருந்தது. அப்படிச் சுத்தமாக நான் வேறு எதையும் செய்ததில்லை.

அப்போது பெரும்பாலான தளங்கள் பூட்டில்லாத எச்ரிரிபி. எந்தத் தளம் என்பதோடு எந்தப் பக்கம் என்பதும் பதிவில் விழும். இரண்டாம் மாத அறிக்கையில் ஒரு தொழிற்சங்கத்தின் தளம் வந்தது. அட்டையில் எப்படிக் கையெழுத்திடுவது என்று விளக்கும் பக்கம், ஒரே போனிலிருந்து பல தடவை. ஒன்ராறியோவில் 40 வீதம் பேர் அட்டையில் கையெழுத்திட்டால் சங்கத்துக்கான வாக்கெடுப்பைக் கேட்கலாம். யாரோ ஒருவர் அதைச் சாப்பாட்டு இடைவேளைகளில் படித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

அந்தக் காலத்தில் போன்களுக்கு வலையமைப்பில் பெரும்பாலும் ஒரு பெயர் விழுந்தது. ஐபோன் என்றால் சொந்தக்காரர் வைத்த பெயரே விழுந்தது. மேலாளர் அறிக்கையைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார், "இதென்ன, அம்மாஸ் ஐபோன்? அம்மா என்றால் ஒரு பெயரா?" நான் சிரித்துக்கொண்டு சொன்னேன், "இல்லை, எங்கள் மொழியில் தாய். பிள்ளைகள் செட் பண்ணிக் கொடுத்திருப்பினம்." நல்ல மனிதர்போலச் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தக் களஞ்சியத்தில் பகல் வேலையில், பிள்ளைகள் வளர்ந்த தமிழ்ப் பெண்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? நாலு? ஐந்து?

சில கிழமைகள் கழித்து, ஸ்காபரோவில் ஒரு மரக்கறிக் கடையில், தெரிந்த ஒரு அன்ரி சொன்னா, தன்னோடு அந்தக் களஞ்சியத்தில் வேலை செய்த ஒருத்தியை ஏஜென்சி இப்போது கூப்பிடுவதில்லையாம். காரணம் சொல்லவில்லையாம். "அவள் நல்லா வேலை செய்வாள், தம்பி. கொஞ்சம் வாய் கூட." நான் வெண்டிக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றேன்.

என்னால் எதையும் நிரூபிக்க முடியாது. தற்காலிகத் தொழிலாளரைக் கூப்பிடாமல் விடுவதற்குக் காரணம் தேவையில்லை; தற்காலிகம் என்றால் அதுதானே. போன் அவருடையதா என்றுகூட எனக்குத் தெரியாது. அவரைத் தேடிப்போய்க் கேட்கவும் இல்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்? "அக்கா, உங்களுக்கும் அந்தச் சங்கத்துக்கும் நடுவில நான் நிண்டனான்" என்றா?

அந்தச் சாப்பாட்டு அறையில் 'இந்த வைஃபை கண்காணிக்கப்படுகிறது' என்று ஒரு தாள் ஒட்டியிருந்தால் அவர் வீட்டுக்குப் போய்ப் படித்திருப்பார். ஒரு தாள். நான் செய்து கொடுத்தது, அந்தத் தாள் தேவையில்லாத ஒரு பெட்டி.

அதற்குப் பிறகு நிலைமை கொஞ்சம் மாறியது. 2013இல் ஸ்னோடன் வெளிக்கொண்டுவந்தவை, 2015இலிருந்து இலவசச் சான்றிதழ் கொடுக்கும் லெற்ஸ் என்கிரிப்ற், இவற்றால் இன்று பெரும்பாலான தளங்கள் எச்ரிரிபிஎஸ். இப்போது அதே பெட்டியை வைத்தால் பெரும்பாலும் தளத்தின் பெயர், நேரம், எவ்வளவு தரவு என்பவைதான் தெரியும். எந்தப் பக்கம், என்ன எழுதினீர்கள் என்பது தெரியாது. அதையும் பார்க்க வேண்டுமென்றால் உங்கள் கருவிக்குள் தங்கள் சான்றிதழை நிறுவ வேண்டும். கசகஸ்தான் அரசு 2019 யூலையில் அதைத்தான் செய்யப்பார்த்தது. இணைய நிறுவனங்கள் மூலம் சனத்திடமே "இந்தச் சான்றிதழைப் போடுங்கள்" என்று கேட்க வேண்டி வந்தது. அதனால் உலகத்துக்குத் தெரிந்தது. ஓகஸ்டில் மொசில்லா, கூகிள், அப்பிள் மூன்றும் அந்தச் சான்றிதழைத் தங்கள் பிரவுசர்களில் மறித்தன. பூட்டுப் போட்டதால் நடுவில் நிற்கிறவர் வாயைத் திறந்து கேட்க வேண்டியதாகிவிட்டது.

ஆகவே உங்கள் வேலைத்தலங்களுக்கு: கொம்பனி கொடுத்த மடிக்கணினியில் அந்தச் சான்றிதழ் ஏற்கெனவே இருக்கலாம். பிரவுசரின் முகவரிப் பட்டையில் தொட்டு, சான்றிதழை வழங்கியது யார் என்று பாருங்கள். ஏதாவது ஒரு வங்கித் தளத்துக்கு உங்கள் கொம்பனி சான்றிதழ் கொடுத்திருந்தால் விசயம் முடிந்தது. அதில் சங்க வேலை செய்யாதீர்கள். சொந்தப் போனில் வேலைத்தல வைஃபைக்காக ஏதும் 'புரொஃபைல்' நிறுவச் சொன்னால் நிறுவாதீர்கள். போனின் பெயரை மாற்றுங்கள். இன்றைக்கே, இங்கேயிருந்தே மாற்றுங்கள்.

ஒன்ராறியோவில் 25 பேரோ அதற்கு மேலோ வைத்திருக்கும் முதலாளிகள், மின்னணுக் கண்காணிப்பு உண்டா, எப்படி என்று எழுத்தில் கொடுக்க வேண்டும். 2022 ஒக்ரோபரிலிருந்து இந்தச் சட்டம். கண்காணிப்பதை அது தடுக்கவில்லை, சொல்லச் சொல்கிறது, அவ்வளவுதான். பல் இல்லாத சட்டம் என்று திட்டலாம், நானும் திட்டுகிறேன். ஆனாலும் போய்க் கேளுங்கள். அந்தத் தாளை வாங்கி வாசியுங்கள். எங்களோடு வேலை செய்யும் எத்தனை பேர் அதைக் கண்டிருக்கிறார்கள்?

சரி, எங்கட வைஃபைக்கு வருவம். அந்தத் தோழரோடு பிறகு இருந்து கதைத்தேன். அவர் கேட்டது நல்ல கேள்வி: "அறிவித்தல் ஒட்டினா பிள்ளையள் சுத்திப் போக வழி கண்டுபிடிப்பினம்தானே?" கண்டுபிடிப்பினம். போன் டேற்றாவில் போவினம். அதற்குப் பெட்டி மருந்தில்லை, அவர்களோடு இருந்து சூதாட்டத்தைப் பற்றிக் கதைக்க வேண்டும், அதற்கு யாராவது நேரம் ஒதுக்க வேண்டும். நாங்கள் தீர்மானித்தது இது. புரொக்சி இல்லை. ரவுட்டரில் சூதாட்டத் தளங்களின் பெயர்களை மட்டும் மறிக்கிறோம். போய்வந்த பதிவு வைக்கும் வசதியை அணைத்துவிட்டோம். "அணைத்துவிட்டேன்" என்று நான் சொல்வதை நம்ப வேண்டாம். கடவுச்சொல் என்னிடமும் அந்தத் தோழரிடமும் இருக்கிறது, யார் வந்து கேட்டாலும் திறந்து காட்டுவோம்.

வாசலில் ஒட்டும் அறிவித்தல் இன்னும் முடியவில்லை. இப்போதைக்கு இப்படி இருக்கிறது: "இந்த வைஃபையில் சூதாட்டத் தளங்கள் தடுக்கப்பட்டுள்ளன. தடுப்பது நாங்கள். யார் எங்கே போனார் என்று பதிவு வைப்பதில்லை. தவறாக ஏதும் தடுக்கப்பட்டிருந்தால் சொல்லுங்கள்." தமிழிலும் ஆங்கிலத்திலும் வேண்டும். 'தடுப்பது நாங்கள்' என்ற வரி கொஞ்சம் கடுமையாக இருக்கிறது என்று இரண்டு பேர் சொன்னார்கள். நான் அதை எடுக்க விடவில்லை. வாற சனிக்கிழமைக்கு முதல் ஒட்ட வேணும். கையெழுத்து நல்ல ஆக்கள் ஆரும் இருந்தால் தேத்தண்ணி குடிக்கேக்க என்னை வந்து பாருங்கோ.